சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

அத்தியாயம் ஒன்பது

மேசைமேல் இருந்த உறையைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பெரியவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பதினொரு பக்கம். தங்கை கையால் எழுதிக் கொடுத்த கதை. இந்த வாரம் முழுக்க உட்கார்ந்து அதைத் தட்டச்சு செய்தவள் இவள். தட்டச்சோடு நிறுத்தியிருந்தால் இன்று காலை தேநீர் இப்படிக் கசந்திருக்காது. ஐந்து இடத்தில் ஐந்து வரி சேர்த்திருந்தாள். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது.

எல்லாம் ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரால் வந்தது. பனிப்பாலைவனத்தின் நடுவில் ஓர் ஆராய்ச்சி நிலையம், அதில் ஐந்து பேர். சட்டம் பேசியே பொழுதைக் கழிக்கும் நிலையத் தலைவர். கையெழுத்து வாங்காமல் குண்டூசிகூடத் தராத ஸ்டோர்கீப்பர். இப்படி. தொடர் நின்று இருபது வருடம் ஆகிவிட்டது, ரசிகர்கள் நிற்கவில்லை. மன்றம் வைத்தார்கள். அந்த ஐந்து பேரையும் வைத்துத் தாங்களே புதுப்புதுக் கதைகள் எழுதினார்கள். மன்றத்தின் ஆண்டு மலரில் பதினொரு வருடமாக முதல் பக்கம் பெரியவளுடையது. தலைவர் தன் இறந்துபோன மனைவிக்கு எழுதும் கடிதம் என்று அவள் எழுதிய கதையைப் படித்து அழாத உறுப்பினர் கிடையாது.

இந்த வருடம் செயலாளருக்கு என்ன தோன்றியதோ, "அழுதது போதும்மா, இந்தத் தடவ முதல் பக்கம் சிரிப்புக் கதைக்குத்தான்" என்று அறிவித்துவிட்டார். இறுதிச் சுற்றுக்கு வந்தவை இரண்டே கதைகள். ஒன்று பெரியவளுடையது, அதை அடுத்த சனிக்கிழமை வாசிப்பார்கள். மற்றொன்று, மன்றத்தில் சேர்ந்து ஒன்பது மாதம்கூட ஆகாத அவள் தங்கையுடையது.

அது இன்று.

"இன்னொரு தடவ படிக்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள கவர்ல போட்டுட்டியே" என்றான் கணவன், ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

"மூணு தடவ படிச்சாச்சே, போதாதா?"

"நாலாந்தடவயும் சிரிப்பு வருதான்னு பாக்கணும்ல."

அவன் லிப்ட் மெக்கானிக். எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். சிரிப்பும் அளந்துதான் வரும். செவ்வாய்க்கிழமை இதே நாற்காலியில் உட்கார்ந்து சின்னவளின் கையெழுத்துப் பிரதியைப் படித்தவன், தேநீர் மூக்கில் ஏறி, கண்ணில் நீர் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அகலத் திறந்த அந்த வாயில், கடைவாய்ப் பல்லின் மேல், பெரியவள் தன் கையால் செய்து கொடுத்த கேப் பளிச்சென்று தெரிந்தது.

அவள் பல் லேபில் வேலை செய்கிறாள். அந்தக் கேப்பை மெழுகில் செதுக்கி, வார்த்து, தேய்த்து மெருகேற்றியது அவள்தான். எட்டு வருடம் ஆகிறது. அதைக் கடைசியாக வேலை மேசையில் பார்த்ததோடு சரி. அவளிடம் பேசும்போது அவன் வாய் அவ்வளவு தூரம் திறந்ததே இல்லை.

அன்று ராத்திரியே தன் சிரிப்புக் கதையை அவனிடம் படிக்கக் கொடுத்தாள். அவன் பொறுமையாகப் படித்தான். ஒரு பக்கமும் விடவில்லை.

"நல்லாருக்கு."

"சிரிப்பு வரலையா?"

"வருது, வருது. தலைவர் சோப்புத் தண்ணில வழுக்கி விழுறாருல்ல..." என்று யோசித்தான். "ஆனா அந்தாளு அப்படி வழுக்கி விழமாட்டாரேம்மா. அப்படியே விழுந்தாலும், எந்திரிக்கிறதுக்கு முன்னாடி விபத்து அறிக்கை எழுதச் சொல்லுவாரு."

தன் கதை மொத்தத்தையும்விட அவன் அப்போது சொன்னதுதான் சிரிப்பு என்பது அவளுக்கு உறைத்தது. அந்த எரிச்சலில்தான் மறுநாள் தங்கையின் நான்காம் பக்கத்தில் முதல் வரியைச் சேர்த்தாள்.

கதவு தட்டாமல் திறந்தது. தட்டாமல் வருகிற ஆள் ஒருத்திதான். மாடி வீட்டுத் தங்கை.

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு. உடம்பு சரியில்லன்னு படுத்துக்கவா?"

"படுத்துக்க. கவர நான் குடுத்துட்டு வர்றேன்."

"குடுத்துட்டு? சுவத்தப் பாத்து யாரு உக்கார்றது, நீயா?"

அது மன்றத்து வழக்கம். கதை எழுதியவர் தன் கதையை வாசிக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கி வேறொருவரை வாசிக்க வைப்பார்கள். எழுதியவர் அந்நேரம் சபைக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். முகத்தைக் காட்டினால் தெரிந்தவர்கள் தாட்சண்யத்துக்குச் சிரித்துவிடுவார்களாம். இன்றைய கதையை வாசிக்கும் சீட்டு போன வாரமே கணவனுக்கு விழுந்திருந்தது.

"மாமா, நீங்க நல்லா வாசிப்பீங்கல்ல?"

"நான் லிப்ட்டு அறிவிப்பு மாதிரிதான் வாசிப்பேன். இரண்டாம் தளம், கதவு திறக்கிறது."

"அதான் வேணும். அப்படியே வாசிங்க." சின்னவள் நாற்காலியின் கைமேல் ஏறி உட்கார்ந்தாள். பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் கவுண்டரில் அவளுக்கு வேலை. "நேத்து ஒருத்தர் வந்தாரு மாமா. ஒத்தச் செருப்பத் தொலைச்சுட்டேன்னாரு. அடையாளம் சொல்லுங்கன்னேன். கால நீட்டிக் காட்டி, 'இதே மாதிரிதான், ஆனா அது இடது'ங்கறாரு."

கணவன் சிரித்தான். கேப் தெரியவில்லை, ஆனால் வாய் அது தெரிகிற தூரத்துக்குப் போனது.

பெரியவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போனாள். வேலை என்று எதுவும் அங்கே இல்லை.

"திருத்தினியாக்கா?" முதுகுக்குப் பின்னால் குரல் வந்தது.

"அஞ்சு இடத்துல."

"அஞ்சே அஞ்சா? அப்பக் கதை தேறிடுச்சு! போன தடவ முப்பது இடத்துல சிவப்பால கிழிச்சியே."

"படிச்சுப் பாக்குறியா?"

எப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குழாயை மூடினாள். உறை இன்னும் ஒட்டப்படவில்லை. எடுத்துப் பார்க்க அரை நிமிடம் போதும்.

"நீ பாத்துட்டேல்ல? அப்புறம் நான் எதுக்கு?"

திரும்பிப் பார்த்தபோது சின்னவள் உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள்.

*

சனிக்கிழமை லேபில் அரை நாள். ஜன்னலோர மேசை அவளுடையது. முன்னால் ஒரு பிளாஸ்டர் தாடை, அதன்மேல் இளஞ்சிவப்பு மெழுகு. அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்துக்கொண்டிருந்தாள். பல்லுக்குச் சொந்தக்காரர் எழுபது வயதுக்காரர். 'அடக்கமான சிரிப்பு, ஈறு தெரியக் கூடாது' என்று டாக்டர் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்பியிருந்தார்.

இருபது வருடமாக வாய்களைப் பார்க்கிறவள். பொய்ச் சிரிப்புக்கு முன்பற்கள் ஆறு போதும். நிஜச் சிரிப்பு வந்தால் வாய் சொன்ன பேச்சைக் கேட்காது, கடைவாய் வரைக்கும் காட்டிக் கொடுத்துவிடும்.

அப்பாவுக்கு அப்படித்தான். இவள் வகுப்பில் முதலாவதாக வந்து நின்றபோதெல்லாம் தலையைத் தடவி, "என் பொண்ணாச்சே" என்பார். முன்பற்கள் ஆறு. சின்னவள் ஸ்டூல்மேல் ஏறி நின்று பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைக் கிளப்பும் அழகைச் செய்து காட்டினால், அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மார்க்குக்குச் சிரிக்க முடியாது என்று அப்போது அவளுக்குப் புரியவில்லை. புரிந்த பிறகும் வலி குறையவில்லை.

அழவைக்கத் தெரிந்துகொண்டது அதற்குப் பிறகுதான். அழுகை அவளிடம் படிந்து வந்தது. எந்த வரியில் எந்தச் சொல்லைத் தள்ளிவைத்தால் படிக்கிறவர்களுக்குத் தொண்டை அடைக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. சிரிப்பு அப்படி வசப்படவில்லை. இத்தனைக்கும் 'ரசிகர் கதையில் நகைச்சுவை: புதியவர்களுக்கு எட்டுக் குறிப்புகள்' என்று மன்றத்துக்குத் தாள் தயாரித்துக் கொடுத்ததே அவள்தான். ஊரார் எழுதிய நூறு கதைகளைத் திருத்திய அனுபவத்தில் எழுதியது. பாத்திரத்தை மாற்றிச் சிரிப்பு வாங்காதே. அவர் அவராகவே இருக்கட்டும், நிலைமை முற்றட்டும். சிரிப்பை விளக்காதே. கதைக்குள் இருப்பவர்களைச் சிரிக்க வைக்காதே. அவர்கள் சிரித்துவிட்டால் வாசகருக்கு வேலையில்லை.

அந்த ஐந்து வரிகளையும் எழுத அவளுக்கு யோசனையே தேவைப்படவில்லை. குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு தலைகீழாகச் செய்தாள்.

பல் ஒன்று கோணலாக உட்கார்ந்திருந்தது. மெழுகைச் சுட்டு, பிடுங்கி, மறுபடி வைத்தாள். மறுபடியும் கோணல்.

கைபேசியை எடுத்துச் செயலாளரை அழைத்தாள். 'சார், தப்பான பிரதி போயிடுச்சு, வேற கொண்டு வர்றேன்.' அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. மனசுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"சொல்லும்மா" என்றார் செயலாளர்.

"சார்... இன்னிக்கு... நாற்காலி போதுமான்னு கேக்கலாம்னு."

"நாற்காலியா? இருக்கிறது முப்பது பேரு, நாற்காலி நாப்பது. என்னம்மா, தங்கச்சிக்கு மேல நீ பதட்டமா இருக்கே?"

"ஆமா சார்" என்றாள்.

*

மன்றம் கூடுவது நூலகத்தின் மேல்தளத்தில். அந்த அறையில் ஜன்னல் இல்லாத சுவர் ஒன்றுதான், அதில் நடுவாக மின்சாரப் பலகை. அதற்கு ஒரு முழம் முன்னால் நாற்காலி போட்டிருந்தது. சின்னவள் போய் உட்கார்ந்து, "இங்கேருந்து பாத்தா ஏழு சுவிட்சு தெரியுது, ரொம்ப அழகான காட்சி" என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். அதற்கே நாலு பேர் சிரித்தார்கள்.

"அது கணக்குல வராது" என்றார் செயலாளர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சபை ஒவ்வொரு தடவை சிரிக்கும்போதும் நோட்டில் ஒரு கோடு போடுவது அவர் பொறுப்பு. புன்னகைக்குக் கோடு கிடையாது. சத்தம் வர வேண்டும்.

மணி நாலானபோது பெரியவளின் கைபேசி அதிர்ந்தது. கணவன்.

"எங்க இருக்கீங்க?"

"எட்டு மாடிக் கட்டடத்துல, ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுல. உள்ள ரெண்டு பேரு மாட்டிக்கிட்டாங்க. நான் வர நேரமாகும். வேற ஆளப் போடச் சொல்லு."

செயலாளர் டப்பாவைக் குலுக்கினார். கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். பெரியவளைப் பார்த்தார்.

"நான் எப்படி சார்?" என்றாள். "நான் அவ அக்கா."

"சீட்டுக்கு உறவு தெரியாதும்மா. வா, வா. விதி தெரியும்ல? வாசிக்கிறவங்க சிரிக்கக் கூடாது. கடைசி வார்த்தை முடியறதுக்குள்ள சிரிச்சா, கதை போட்டியிலேருந்து அவுட்டு."

தெரியாமல் என்ன. மூன்று வருடத்துக்கு முன் ஒருவர், நண்பரின் கதையைத் தானே விழுந்து விழுந்து சிரித்தபடி வாசித்து, சபையையும் தொற்றவைத்துப் பரிசை வாங்கிக் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தது இந்த விதி. எழுதிக் கொடுத்தவள் பெரியவள்.

உறையைக் கிழித்தாள். காலையில் தங்கை ஒட்டிய பிசின் சுத்தமாக ஒட்டியிருந்தது.

கதையின் தொடக்கம் எளிமை. தலைவர் பனிப்பிளவில் விழுந்துவிடுகிறார். ஸ்டோர்கீப்பர் மேலே நிற்கிறார். பெரியவள் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டே நான்காம் பக்கத்துக்கு வந்தாள்.

"கயிறு வேண்டும்" என்றார் தலைவர், பள்ளத்திலிருந்து.

"எத்தனை மீட்டர்?" என்று கேட்டார் ஸ்டோர்கீப்பர்.

"நான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறேன்?"

"அதை விண்ணப்பதாரர்தான் நிரப்ப வேண்டும்."

பின்வரிசையில் ஒரு சிரிப்பு. செயலாளர் கோடு போட்டார்.

"பன்னிரண்டு மீட்டர்."

"நோக்கம்?"

"மேலே வருவது."

"மேலே வந்து?"

"உங்களை வேலையை விட்டு நீக்குவது."

ஸ்டோர்கீப்பர் எழுதுவதை நிறுத்தினார். "அதற்குத் தனிப் படிவம்."

அறை மூச்சை இழுத்தது. சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்ட அந்த நொடியில் பெரியவளின் வாய் அடுத்த வரியை வாசித்தது: "இவ்வாறு ஸ்டோர்கீப்பர் வேடிக்கையாகச் சொல்லவே, தலைவரும் தம் நிலையை மறந்து வாய்விட்டுச் சிரித்தார்."

தண்ணீர் ஊற்றிய அடுப்பு மாதிரி ஆயிற்று. யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

ஐந்தாம் பக்கத்திலும் அதே கதி. அங்கே அவள் சேர்த்திருந்த விளக்கம் நீளமான ஒரு வரி. செயலாளரின் பேனா காற்றில் நின்று, இறங்கி, நோட்டைத் தொடாமல் படுத்துக்கொண்டது.

பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். இதுவரை நிமிரக் கூடாது என்றுதான் இருந்தாள்.

சுவிட்சுப் பலகைக்கு முன்னால் தங்கையின் முதுகு. வாசிப்பு தொடங்கியபோது அவள் குதிகால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது, இப்போது நின்றுவிட்டது. கழுத்து தோளுக்குள் இறங்கியிருந்தது.

அந்தக் கழுத்தை அவளுக்குத் தெரியும். அப்போது சின்னவளுக்கு ஆறு வயது. ஸ்டூல்மேல் நின்று எதையோ செய்து காட்டினாள். அப்பா வேலைக் களைப்பில் சிரிக்காமல் எழுந்து போய்விட்டார். அன்றைக்குக் கழுத்து இப்படித்தான் உள்ளே போனது. பெரியவள் அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

இப்போதும் வந்தது. பொய் சொல்லிப் பயனில்லை. அதே சந்தோஷம், அதே ருசியோடு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அதைத் தங்கைமேல் வந்த பாசம் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவளுக்கு வந்தது வேலை தெரிந்தவளின் எரிச்சல். நல்ல பல் வரிசையில் நிறம் பொருந்தாத பல்லை எவளோ சொருகி வைத்திருக்கிறாள். தாங்க முடியவில்லை. அந்த எவளோ தானே என்பதுகூட ஒரு நொடி பிந்தித்தான் ஞாபகம் வந்தது.

ஆறாம் பக்கம். ஸ்டோர்கீப்பர் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டார். இனித் தலைவரின் கையெழுத்து மட்டும் பாக்கி.

"ஸ்டோர்கீப்பர் படிவத்தை ஒரு கயிற்றின் நுனியில் கட்டிப் பள்ளத்துக்குள் இறக்கினார்" என்று வாசித்தாள். "தலைவர் கயிற்றைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். மேலே இழுக்கலாம் என்பதற்கு அடையாளமாகக் கயிற்றை இரண்டு முறை சுண்டினார்."

அடுத்த வரி தயாராக இருந்தது. 'அந்தக் கயிற்றைப் பிடித்தே ஏறியிருக்கலாம் என்பது இருவருக்கும் தோன்றவில்லை!' கடைசியில் ஆச்சரியக்குறி வேறு.

அவள் அதை வாசிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

முன்வரிசைப் பெண்மணிக்கு முதலில் புரிந்தது. "ஐயோ, கயிறு!" என்று அவர் தொடையில் அடித்துக்கொள்ள, அது பக்கத்து ஆளுக்குப் பரவி, பின்வரிசைக்குப் போய், அங்கிருந்து இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அது அடங்கக் காத்திருந்து, அடுத்த வரியை எடுத்தாள்.

"ஏன் கயிற்றைப் பிடித்து ஏறவில்லை?" என்று நிலையத்து டாக்டர் பிற்பாடு கேட்டார்.

"அது படிவத்துக்காக வழங்கப்பட்ட கயிறு" என்றார் தலைவர்.

அதற்கு மேல் அவள் தாளைப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. பொறாமையில் எத்தனை தடவை படித்திருக்கிறாள்! எந்த இடத்தில் எது எப்படி வேலை செய்கிறது என்று பூட்டைக் கழற்றுகிறவள் மாதிரி வரிவரியாகக் கழற்றிப் பார்த்ததில், பதினொரு பக்கமும் மனப்பாடமாகியிருந்தது. சின்னவள் எழுதியபடியே சொன்னாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள். செயலாளர் நோட்டில் பக்கம் திருப்பினார். அறைக்கதவு திறந்து கணவன் கிரீஸ் படிந்த சட்டையோடு வந்து நின்றதைக்கூட அவள் சிரிப்பு இரைச்சலுக்கு நடுவில் தாமதமாகத்தான் பார்த்தாள்.

கடைசிப் பத்தி வந்தது. தலைவரை மேலே தூக்கிவிட்டார்கள். கயிற்றைத் திருப்பி ஒப்படைக்கிறார். ஸ்டோர்கீப்பர் அளக்கிறார்.

"ஒரு மீட்டர் குறைகிறது" என்றார் ஸ்டோர்கீப்பர்.

தலைவர் பனியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "குறைந்தால் வாங்கியவர்தானே தேடித் தர வேண்டும்?"

"ஒன்பதாவது விதி. நீங்கள் எழுதியது."

தலைவர் விதியை நினைத்துப் பார்த்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார். பிறகு...

மிச்சம் ஒரே வார்த்தை. 'இறங்கினார்.'

நீங்கள் எழுதியது. எத்தனையோ தடவை படித்த வரிதான். இப்போது நின்ற இடத்திலிருந்து அது வேறு மாதிரி கேட்டது. எட்டுக் குறிப்பு எழுதியவள், சிரிக்கக் கூடாது என்று விதி எழுதியவள், தன் கையால் ஐந்து வரி சேர்த்துவிட்டு அதே தாளைக் கையில் பிடித்துக்கொண்டு முப்பது பேருக்கு முன்னால் நிற்கிறவள். பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே யார் நிற்பது என்று தெரிந்தது.

வயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்தாள். மூக்கு வழியாக வந்தது. கையால் வாயைப் பொத்தினாள்; கையையும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. அந்த அறையில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை. அவள் சிரித்தாள், சிரித்துக்கொண்டே, "இறங்கினார்" என்றாள்.

வார்த்தை வந்தபோது நேரம் கடந்திருந்தது.

சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. செயலாளர் கோடுகளை எண்ணினார். நாற்பத்தொன்று. மன்றத்தில் இதுவரை யாரும் முப்பதைத் தாண்டியதில்லை. அவர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். முப்பது வருடம் ஓட்டுநர் பயிற்சி கொடுத்தவருக்கு, சிவப்பு விளக்கைத் தாண்டினால் தாண்டியதுதான்.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் சின்னவளின் முதுகைப் பார்த்து. "விதி."

*

மாடிப்படியில் மூவரும் இறங்கினார்கள். 

"ரெண்டு பேரும் பத்திரமா இறங்கிட்டாங்களா மாமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"ம். அதுல ஒருத்தர், 'எட்டாவது மாடிக்குத்தான் போகணும், கதவத் திறந்ததுக்குப் பதிலா மேல கொண்டுபோய் விட்டிருக்கலாமே'ன்னு கோச்சுக்கிட்டாரு."

சின்னவள் சிரிக்கவில்லை. அது இருவருக்கும் புதிது.

கீழ்ப்படியில் நின்றாள். "அக்கா, சுவத்தப் பாத்து உக்காந்தா காது நல்லாக் கேக்குது. நாலாம் பக்கத்துல ஒரு வரி, அஞ்சாம் பக்கத்துல ஒண்ணு. அது நான் எழுதல."

பெரியவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். 

"ஆறாம் பக்கத்துலேருந்து தாள் திருப்புற சத்தமே இல்ல. என்னோடத அப்படியே சொன்னே. நான் நிறுத்தச் சொல்ல நினைச்ச எடத்துலல்லாம் நிறுத்தினே. எனக்கே அவ்வளவு தெரியாது." சின்னவள் அக்கா பக்கம் திரும்பினாள். "அஞ்சு இடத்துல திருத்துனேன்னு சொன்னியே. மிச்சம் மூணு எங்க?"

"வாசிக்கல."

"ஏன்?"

"நல்லா இல்ல."

"சேத்தப்ப தெரியலையா?"

"தெரிஞ்சுதான் சேத்தேன்."

சொல்லிவிட்டாள். படிக்கட்டின் கைப்பிடி சில்லென்று இருந்தது. கணவன் தன் கருவிப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான்.

சின்னவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "அதக்கூட விடு. கடைசியா சிரிச்சியே. ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருக்கும்போது. அது தானா வந்துச்சா, வர வச்சியா?"

"தானா வந்துச்சும்மா" என்றான் கணவன் குறுக்கே. "நான் பாத்தேன். கடைவாய் வரைக்கும் தெரிஞ்சுது. பத்தொன்பது வருஷத்துல அந்தப் பக்கம் ஒரு பல்லு இல்லங்கறதே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

"நீங்க பாத்தீங்க மாமா. எல்லாரும் பாத்தாங்க." சின்னவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் ஏழு சுவிட்சத்தான் பாத்துட்டிருந்தேன்."

 தானாக வந்தது என்று பெரியவள் சத்தியம் செய்வாள். ஆனால் அந்தச் சிரிப்பு வர வேண்டிய நேரம் பார்த்து வந்ததா, வந்த நேரம் அப்படி அமைந்ததா என்று தன்னையே கேட்டால் அவளிடம் சத்தியம் இல்லை.

"அடுத்த வாரச் சீட்ட செயலாளர் குலுக்கிட்டாரு" என்றாள் சின்னவள். "நீ மூஞ்சி கழுவப் போயிருந்தப்ப."

பையிலிருந்து மடித்த துண்டுத்தாளை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். பிரிக்காமலே பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உன் கதைய நான்தான் வாசிக்கப்போறேன். பயப்படாதக்கா, நான் எதையும் சேக்க மாட்டேன்." சின்னவள் தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கியிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்.

"நீ எழுதினத எழுதினபடியே வாசிப்பேன். ஒரு வரி விடாம."